காட்சிப் பொருள் எண் பதினேழு

அந்தப் படத்தைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள். கொடுக்க வேண்டாம், உங்கள் கையிலேயே இருக்கட்டும், நான் பார்த்தால் போதும். நினைவு இல்லத்தில் வாங்கினீர்களா? அங்கே எத்தனையோ படம் வைத்திருக்கிறார்கள். ஏரி இருக்கிறது, பனிமூட்டம் இருக்கிறது, ஆரஞ்சுத் தோட்டத்தில் வெயில் விழுகிற படம் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு இதைப் போய் எடுத்திருக்கிறீர்கள். எல்லோரும் இதைத்தான் எடுக்கிறார்களாம்.

பின்பக்கம் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். என் கண்ணாடி பைக்குள் இருக்கிறது, பஸ் திரும்புகிற திரும்பலில் எடுத்தால் உடைந்துபோகும். "காட்சிப் பொருள் எண் பதினேழு. ஓவியர் சபாநடேசனின் இறுதிப் படைப்பாகக் கருதப்படுவது. இரும்பின் மீது கரி."

இரும்பின் மீது கரி. என்ன அழகாகச் சொல்லியிருக்கிறார்கள். அது வாணலி. அதில் இருப்பது உப்புமா. கருகவிட்டது நான்.

அப்படிப் பார்க்காதீர்கள். நான் அவருடைய மருமகள். பெயர் சுகந்தி. காலையிலிருந்து அந்த வீட்டில்தான் இருந்தேன், இப்போதுதான் சேலத்துக்கு இறங்குகிறேன். முன் சீட்டில் தூங்குகிறாரே வழுக்கைத் தலை, அவர்தான் எங்கள் வீட்டுக்காரர், ஓவியரின் ஒரே மகன். எழிலரசன் என்று பெயர். மாமா கவிதையாகப் பெயர் வைத்தார், இவர் மின்வாரியத்தில் சேர்ந்து முப்பது வருடம் காக்கி நிறத்தில் சட்டை போட்டார்.

மாமா நாற்பது வருடம் சேர்வராயன் மலையை மட்டுமே வரைந்தவர். காலையில் அந்த மலை, மத்தியானம் அந்த மலை, சாயங்காலமும் அதே மலை. கல்யாணமாகி வந்த புதிதில் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன், "மாமா, போன வாரம்தானே இதை வரைஞ்சீங்க?"

"போன வாரம் அது வேற மலைம்மா" என்றார்.

நான் போய் வெங்காயம் நறுக்கினேன்.

கடைசி இரண்டு வருடம் அவருக்கு டியூப் வண்ணமெல்லாம் பிடிக்காமல் போய்விட்டது. கரி, சாம்பல், மஞ்சள்தூள் என்று என் சமையலறையில் கை வைத்தார். ஒரு நாள் விருந்தாளிக்கு இறக்கி வைத்திருந்த டிகாக்‌ஷன் மொத்தமும் 'அந்தி மலை' ஆகிவிட்டது. அது இப்போது ஏதோ பெரிய மனிதர் வீட்டு ஹாலில் தொங்குகிறதாம். வந்த விருந்தாளி வெறும் பாலைக் குடித்துவிட்டுப் போனார்.

நான் சேலத்தில் கான்வென்ட்டில் படித்தவள். அங்கே நீட்னஸுக்கு என்று தனியாக ஒரு பரிசு உண்டு. ஆறாவது, ஏழாவது, எட்டாவது மூன்று வருடமும் எனக்குத்தான். ஒன்பதாவதில் ஏன் இல்லை என்று கேட்காதீர்கள், அந்த வருடம் ஒரு டாக்டர் மகள் வந்து சேர்ந்தாள். சிஸ்டர் பெர்னதெத் நகத்தைப் பார்ப்பார், காலரின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார், டிபன் டப்பா மூடியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பார். அப்படி வளர்ந்தவள் கழுவாமல் போட்ட பாத்திரத்தை முப்பத்திரண்டு வருடமாக ஊரே டிக்கெட் எடுத்து வந்து பார்க்கிறது.

ஏன் கழுவவில்லை என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. அவர் போனது ஒரு மார்கழிக் காலை. உடம்பைச் சேலத்துக்குக் கொண்டுவந்தோம். காரியமெல்லாம் முடிந்து பதினேழாம் நாள் வீட்டை ஒழுங்குபண்ண மேலே போனால் கதவில் புதுப் பூட்டு. வாசலில் வாகீசன் நிற்கிறார். மாமாவிடம் படித்தவர், இப்போது அறக்கட்டளைக்குச் செயலாளர். அன்றைக்குத் தாடி கறுப்பு, மற்றபடி அதே ஆள்தான்.

"எதையும் தொடக் கூடாதும்மா. ஐயா விட்டுட்டுப் போன கணம் அப்படியே இருக்கணும்."

"சிங்க்ல பாத்திரம் கிடக்குதுங்க."

"அதுவும் கணம்தான்மா."

பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது எங்கள் வீட்டுக்காரர். நீட்டின காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுவார். வீட்டை அறக்கட்டளைக்குக் கொடுக்கிறோம், ஒரு பொருளையும் இடம் மாற்ற மாட்டோம், சுத்தம் செய்ய மாட்டோம். சுத்தம் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிற உலகத்தை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

உள்ளே கொடியில் ஒரு நீலத் துணி தொங்குமே, பார்த்தீர்களா? 'ஓவியர் தூரிகை துடைத்த துணி' என்று அட்டை. என் பழைய வாயில் புடவையைக் கிழித்த பிடிதுணி அது. சுவரில் கண்ணாடி போட்டு ஒரு காகிதம் மாட்டியிருக்கிறதே, 'வண்ணக் குறிப்புகள்' என்று? மஞ்சள், மிளகாய், புளி, கறுப்பு உளுந்து. நான் எழுதின மளிகைச் சீட்டு. அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே கான்வென்ட் என்று தெரிய வேண்டாமா?

வாணலியை மட்டும் முதலில் யாரும் கவனிக்கவில்லை. மேலாக இருந்ததை எறும்பு கொண்டுபோனது போக, அடியில் ஒட்டின கருகல் மட்டும் கல் மாதிரி நின்றுவிட்டது. பத்து வருடம் முன்னால் சென்னையிலிருந்து ஒரு விமர்சகர் வந்தார். ஜிப்பா, தோள்பை, பேச்சைவிடப் பெருமூச்சு ஜாஸ்தி. சிங்க்கைக் குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்தக் கருகலில் சேர்வராயன் மலையின் முகடு தெரிகிறதாம். இடது பக்கம் சரிவு, வலது பக்கம் கோயில் இருக்கிற மேடு, நடுவில் பனி. கரியும் சாம்பலும் வைத்து வரைந்தவர் கடைசியில் நெருப்பையே தூரிகையாக எடுத்துக்கொண்டார் என்று எழுதினார். வாகீசன் அதைப் படித்து அழுதாராம். வாணலிக்கு வார்னிஷ் அடித்தார்கள். எண் பதினேழு கொடுத்தார்கள்.

நான் சும்மாதான் இருந்தேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் நிம்மதி. அது மாமாவின் கைவேலை என்று ஆகிவிட்டால், கழுவாத பாத்திரம் என் தலையில் விழாது பாருங்கள்.

அப்புறம் எதற்கு இப்போது சண்டை என்றால், சித்ரலேகாவால். எங்கள் நாத்தனார், வீட்டுக்காரருக்குத் தங்கை, ஈரோட்டில் இருக்கிறாள். வருடா வருடம் நினைவு நாளில் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு யாரிடமாவது சொல்வாள். என் காதில் விழுகிற மாதிரிதான் சொல்வாள். "அப்பா ரெண்டு தடவை கூப்பிட்டிருக்காரு. அடுப்படியை விட்டு ஒருத்தி நகரலை."

ரெண்டு தடவை கூப்பிட்டார் என்று அவளுக்குச் சொன்னதே நான்தான். சாவு வீட்டில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லி அழுதேன். எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்குச் சேலத்தில் டியூட்டி. வீட்டில் மாமாவும் நானும் மட்டும்தான். முதல் தடவை கூப்பிட்டபோது நான் கடுகு போட்டிருந்தேன். அது வழக்கமான கூப்பாடு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிடுவார். "சுகந்தி, இந்த மேகத்தைப் பாரும்மா." "சுகந்தி, வெயில் வந்துட்டுப் போயிருச்சு பாரு." ஓடினால் மேகமும் இருக்காது, வெயிலும் இருக்காது, அடுப்பில் எண்ணெய்தான் காய்ந்து கிடக்கும். அதனால் "இதோ வரேன் மாமா" என்றேன். ரெண்டாவது தடவை கூப்பிட்டபோது ரவையைத் தூவிக்கொண்டிருந்தேன். அந்தக் குரல் வேறு மாதிரி இருந்தது. கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். நடுவில் அரை நிமிடம் இருக்கும். அதற்கு மேல் இருக்காது.

அவர் நாற்காலியிலிருந்து சரிந்திருந்தார். ஜன்னல் வழியாகக் கத்தி, பக்கத்து எஸ்டேட் ஜீப்பை டாக்டருக்கு அனுப்பினேன். டாக்டர் வர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் நான் அங்கேதான் இருந்தேன். அடுப்பில் வாணலி இருக்கிற நினைப்பே இல்லை. டாக்டர் கையை விரித்த பிறகுதான் வாடை வந்தது. எழுந்துபோய் அடுப்பை அணைத்து, வாணலியை சிங்க்கில் போட்டேன்.

இதை நான் யாரிடமும் விளக்கிக்கொண்டு இருக்கவில்லை. நான் எதற்கு விளக்க வேண்டும்? வாணலியைப் பார்த்தால் தெரியாதா?

போன மாதம் வாகீசன் சேலத்துக்கு வீட்டுக்கே வந்தார். டெல்லியில் கண்காட்சியாம். எண் பதினேழு போகிறதாம். அதற்குக் குடும்பத்திலிருந்து சான்றிதழ் வேண்டுமாம், 'இப்பொருள் எம் தந்தையாரின் கரத்தால் உருவானது' என்று. எங்கள் வீட்டுக்காரர் பேனா மூடியைத் திறந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது மாமா கருக்கினது என்று எழுதிக் கொடுத்துவிட்டால், நான் கருகவிடவில்லை. நான் கருகவிடவில்லை என்றால் நான் அடுப்பை விட்டு நகரவில்லை. சித்ரலேகா சொன்னது அப்படியே சரியாகிவிடும், அதுவும் என் புருஷன் கையெழுத்தோடு.

பேனாவைப் பிடுங்கினேன். "அது என் உப்புமா."

வாகீசன் மெதுவாகச் சிரித்தார். "அம்மா, உங்க மனசு புரியுது. கலைஞனோட பொருள் மேல குடும்பத்துக்கு ஒரு பாத்தியதை தோணத்தான் செய்யும்."

"பாத்தியதை இல்லைங்க. ரவை. ஒரு டம்ளர் ரவை, ரெண்டரை டம்ளர் தண்ணி."

எங்கள் வீட்டுக்காரர் சொல்கிறார், "விடு சுகந்தி, அப்பாவுக்குப் பெருமைதானே."

"உங்கப்பாவுக்கு எழுநூறு படம் இருக்கு. எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்."

அறக்கட்டளைக்கு மூன்று கடிதம் எழுதினேன், நல்ல இங்கிலீஷில், சிஸ்டர் பெர்னதெத் இருந்திருந்தால் ஒரு கமா மாற்றியிருக்க மாட்டார். கடைசியில் ஒரு குழு போட்டார்கள். வாகீசன், அந்த ஜிப்பா விமர்சகர், குடும்பத்தின் சார்பில் சித்ரலேகா. எப்படி இருக்கிறது குழு? இவர்கள் முன்னால் அதே சமையலறையில், அதே மாதிரி இரும்பு வாணலியில், அதே மாதிரி உப்புமாவைக் கருகவிட்டுக் காட்ட வேண்டும். முகடு வருகிறதா என்று பார்த்து முடிவு செய்வார்களாம். இன்றைக்குத்தான் அது.

மூன்று வாரம் வீட்டில் பழகினேன். சிரிக்காதீர்கள். கருகவிடுவது லேசான காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரவையைக் கொட்டிவிட்டு ஹாலில் போய் உட்காருவேன். கை பரபரக்கும். நாலு நிமிடத்தில் எழுந்து ஓடிக் கிளறிவிடுவேன். அருமையான உப்புமா. பதினோரு நாள் காலையும் எங்கள் வீட்டில் உப்புமாதான், அவர் வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள், "என்னைப் பெட்ரூம்ல வெச்சுத் தாழ்ப்பாள் போடுங்க, கத்தினாலும் திறக்காதீங்க" என்றேன். நான் கத்தினேன், அவர் திறக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சொன்னதைச் சொன்னபடி செய்தது அன்றைக்குத்தான். நன்றாகக் கருகியது. ஆனால் மலை வரவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தோம், இலங்கை மாதிரி இருந்தது.

இன்றைக்குக் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். சமையலறைக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார்கள். வாகீசன் செல்போனில் மணி பார்த்து ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுகிறார். எண்ணெய், பத்து ஐந்து. கடுகு, பத்து ஆறு. விமர்சகர் பெருமூச்சு விடுகிறார். வெங்காயம் வதங்கி, தண்ணீர் ஊற்றி, கொதி வந்து, ரவையைத் தூவினபோது பத்து பதினைந்து என்றார். கடுகிலிருந்து ரவைக்கு ஒன்பது நிமிடம் என்று சத்தமாக வேறு படித்தார். அங்கே சிலிண்டர் தீருகிற நிலைமை, தீ மினுக் மினுக்கென்று எரிகிறது. அதனால் ஒன்பது. நல்ல அடுப்பு என்றால் அரை நிமிடம்தான். சித்ரலேகா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளும் தினம் சமைக்கிறவள்தானே, சிலிண்டர் விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ரவை விழுந்ததும் நான் கரண்டியைப் போட்டுவிட்டுப் படம் வரைகிற அறைக்குப் போக வேண்டும், இருபது நிமிடம் கழித்துத்தான் வர வேண்டும், அதுதான் ஏற்பாடு. போனேன். நீங்கள் பார்த்திருப்பீர்களே, பெரிய ஜன்னல், அரைகுறையாக நிற்கிற படம், நாற்காலி. நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நான் தரையில் உட்கார்ந்தேன், அன்றைக்கு உட்கார்ந்த இடத்தில். வாசல்படியில் மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றுமே நடக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மலை இருந்தது, ஒரு மேகம் இருந்தது. வேறென்ன செய்வது? அப்போது ரவை அடியில் பிடிக்க ஆரம்பிக்கிற வாடை வந்தது பாருங்கள், நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. ஓடிப்போய்க் கிளறிக்கொண்டிருக்கிறேன். மூன்று நிமிடம் நாற்பது விநாடி என்றார் வாகீசன்.

"அன்னிக்கு மட்டும் எப்படிம்மா இருபது நிமிஷம் அங்கயே இருந்தீங்க?"

என்ன கேள்வி அது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அன்னிக்கு மாமா தலை என் மடியில இருந்துச்சு. இன்னிக்கு யார் இருந்தா? காலி மடியை வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் உட்கார்றது? உப்புமா தீயாதா?"

வாகீசன் குனிந்து நோட்டில் எழுதினார். பசி நேரம் வேறு. நான் எல்லோருக்கும் தட்டில் வைத்தேன். விமர்சகர் இரண்டு தடவை போட்டுக்கொண்டார். வாயைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். பருக்கை பருக்கையாக உதிர்கிறதாம், அடியில் ஒரு பொட்டுக்கூடப் பிடிக்கவில்லையாம், முப்பத்திரண்டு வருடத்துப் பழக்கம் பொய் சொல்லாதாம். "இது கருக விடற கை இல்லைங்க. இவ்வளவு சுத்தமான கையால அந்தப் பதினேழு வந்திருக்க வழியே இல்லை."

சொல்லக் கூடாது, ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எட்டாம் வகுப்புக்கு அப்புறம் நாலு பேர் முன்னால் அந்த வார்த்தையை எனக்கு யாரும் சொன்னதில்லை. அடுத்த நிமிடம்தான் புரிந்தது, என் வழக்கு போய்விட்டது. வாகீசன் தீர்மானம் எழுதிவிட்டார். 'திருமதி சுகந்தியின் உப்புமா அடிப்பிடிப்பதில்லை என்பது நேரில் உறுதி செய்யப்பட்டது. எனவே காட்சிப் பொருள் எண் பதினேழு ஓவியரின் படைப்பே என இக்குழு ஏகமனதாகக் கருதுகிறது.' இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

சித்ரலேகா போடவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க மடியிலயா அண்ணி?" என்று கேட்டாள்.

"பின்னே? தரையிலயா போடுவேன்?"

"அப்பா ஏதாவது பேசினாரா?"

"என்ன பேசுவாரு. அந்த மேகத்தைப் பார்த்தியாம்மான்னாரு. பார்த்தேன் மாமான்னேன். நான் எங்கே பார்த்தேன், ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை."

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து, இன்னொரு கரண்டி வைக்கச் சொல்லிச் சாப்பிட்டாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணி. பச்சை மிளகாய் கொஞ்சம் தூக்கல்தான், ஈரோட்டில் அவர்கள் வீட்டில் காரமே சேர்க்க மாட்டார்கள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குத்தான் சங்கடம், வாணலி காய்ந்துகொண்டிருக்கிறது. அவள் கையெழுத்துப் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன, மூன்றில் இரண்டு வந்தாயிற்று. எங்கள் வீட்டுக்காரரும் வெளியே திண்டில் உட்கார்ந்து சான்றிதழில் போட்டுக் கொடுத்துவிட்டாராம். நான் ஒன்றும் சொல்லவில்லை, பாவம், பதினோரு நாள் உப்புமா சாப்பிட்டவர்.

பதினேழைப் பெட்டியில் வைத்து, சுற்றிலும் பஞ்சு வைத்துக் கட்டிவிட்டார்கள். சரி, போகிறது என்று என் வாணலியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். குழாயைத் திறந்தேன், வாகீசன் ஓடி வருகிறார்.

"கழுவிடாதீங்கம்மா. அப்படியே வெச்சிருங்க."

"ஏனுங்க?"

"பதினேழு டெல்லி போயிடுது. சிங்க் காலியா இருந்தா பாக்க வர்றவங்க ஏமாந்துடுவாங்க. இது ஒப்பீட்டுக்கு இருக்கட்டும். பதினேழு அ."

என் கையிலிருந்து வாங்கி, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டுபோய் சிங்க்கில் வைத்துவிட்டார். வாசலில் டிக்கெட் கிழிக்கிற பெண்ணைக் கூப்பிட்டு அங்கேயே அட்டை எழுதவைத்தார். 'திருமதி சுகந்தி எழிலரசன் பயன்படுத்திய வாணலி. கழுவப்படாதது.'

முப்பத்திரண்டு வருடம் கழித்து அந்த வீட்டில் என் பெயர் வந்திருக்கிறது, அதுவும் பக்கத்தில் இந்த வார்த்தையோடு. கடைசி வார்த்தையை மட்டும் எடுத்துவிடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். அதுதானே அம்மா காட்சிப் பொருளோட சிறப்பு என்கிறார். வாதாடிக்கொண்டு நிற்க நேரமில்லை, மூன்று மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்குத் தெரியும்.

கிளம்புகிறபோது ஒரு தரம் எட்டிப் பார்த்தேன். அப்போதே ஒரு கூட்டம் சிங்க்கைச் சுற்றி நின்றது. அட்டையைப் படிக்கிறார்கள், வாணலியைப் பார்க்கிறார்கள், மறுபடி அட்டையைப் படிக்கிறார்கள். உள்ளே ஒரு ரவை கிடையாது. ஒரு எண்ணெய்ப் பிசுக்குக் கிடையாது. நான் கரண்டியால் வழித்தால் வழித்ததுதான். ஒருத்தர் செல்போனில் லைட்டெல்லாம் அடித்து, எங்கே கழுவாமல் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

நல்லாக் குனிஞ்சு பார்க்கட்டும்.